கேட் அறை உள்ளேயா, வெளியேயா?

தீப்பெட்டி ஆபீஸின் கேட் அறை ஆபீஸுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? நான்கு வருடமாக யோசிக்கிறேன். விடை தெரியவில்லை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று ரோட்டுப் பக்கம் திறக்கும், இன்னொன்று உள்பக்கம் திறக்கும். மழை பெய்தால் இரண்டு பக்கமும் சாரல் அடிக்கும். எனவே மழையையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

எங்கள் கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் இருந்த ஆபீஸில் குச்சி அடுக்க, மருந்து முக்க, பண்டல் கட்ட என்று நிறைய பெண்கள் இருந்தார்கள். உண்மையிலேயே ஆபீஸ் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். (படித்தது பாஸ்கல், கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழிகள். பார்த்தது சம்பளப் பட்டியலும் நோட்டீஸும்.)

நோட்டீஸ் அடிப்பதில் எனக்குப் பெரிய பெயர். "மருந்து அறைக்கு அருகே செருப்பு அணியக் கூடாது", "பேட்டரி உள்ள எந்தப் பொருளையும் கேட்டில் ஒப்படைத்துவிட்டு வரவும்", "பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் உள்ளே வரக் கூடாது". எல்லாம் என் கைவண்ணம். முதலாளி அண்ணாச்சி வாயால் சொல்வார், நான் அடித்து, பிழை திருத்தி, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டுவேன். ஒட்டிய பிறகு தள்ளி நின்று பார்ப்பேன், கோணலாக இருக்கிறதோ என்று. நேராக இருந்தாலும் எனக்குக் கோணலாகத்தான் தெரியும். என் சுபாவம் அப்படி. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள் நான்.

அந்த வருடம் வெளிநாட்டுக்குத் தீப்பெட்டி அனுப்புகிற ஒரு பெரிய கம்பெனி, எங்களிடம் சரக்கு எடுக்கலாமா என்று பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அவர்கள் முக்கியமாகப் பார்க்க வருவது ஒன்றுதான். இங்கே குழந்தைகள் வேலை செய்கிறார்களா? எங்கள் ஆபீஸில் அப்படி யாரும் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு கரி ஒட்டியிருந்ததால், இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். ஆர்டர் கிடைத்தால் பண்டல் பிரிவுக்கு வருடம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் வாரத்தில் மூன்று நாள்தான்.

காட்டுவதற்குத் திருநெல்வேலியிலிருந்து வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. அண்ணாச்சியின் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து ஒரு ரிமோட் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வைத்து அழுத்தினால், தூரத்தில் இருக்கிற லேப்டாப்பில் படம் மாறும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் எதிரே சிவப்பாக ஒரு ஒளிப் புள்ளி விழும். அதன் அடிவயிற்றுக்குள் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு ரிசீவர். அதை உருவி லேப்டாப்பில் செருக வேண்டும். கூடவே பத்துப் பன்னிரண்டு மொழிகளில் ஒரு தாள். அதில் தமிழ் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முந்தின நாள் காலை அண்ணாச்சி அறையில் உட்கார்ந்து ரிசீவரைச் செருகினேன். "புதிய கருவி கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு மஞ்சள் பலூன் எழும்பியது. கண்டுபிடித்தது கம்ப்யூட்டர், பயந்தது நான். ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் அசையவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ரிசீவரை அடுத்த ஓட்டையில் செருகினேன். மவுஸைப் பிடுங்கினேன். மன்னிப்புக் கேட்காத குறைதான். இரண்டு மணி நேரம் கழித்து, பேட்டரி மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் நாடா நாக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இழுத்தேன். படம் மாறியது. அண்ணாச்சி நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார்.

"ஏம்மா செல்வி, இதுல பொறி கிறி பறக்காதுல்லா?"

"பறக்காது அண்ணாச்சி. வெறும் லைட்டுதான்."

"லைட்டு செவப்பாலா இருக்கு" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவருக்குச் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான்.

அவரை மொத்தம் எட்டுப் படங்களுக்குப் பேச வேண்டியதை மனப்பாடம் செய்ய வைத்தேன். முதலில் ஆபீஸ் பெயர், அடுத்தது அவருடைய அப்பா, பிறகு குச்சிக்கான மரத்தடிகள், மணல் வாளிகள், சாப்பாட்டுக் கூடம், பெண்களுக்கான கழிப்பறை. ஏழாவது படத்தில் "எங்கள் தொழிற்சாலையில் குழந்தைகளின் கை படுவதில்லை" என்று சிவப்பு எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும். எட்டாவது, நன்றி, சூரிய உதயத்தோடு. அந்த ஏழாவது வாசகத்தை யோசித்தவளும் நான்தான். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

பயிற்சி போதாது என்று ரிமோட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சுவரைப் பார்த்து அழுத்திப் பழகினேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் மகள் அபி. அப்போது அவளுக்கு இரண்டரை வயது. சுவரில் சிவப்புப் புள்ளி ஓடியதும் அவளும் பின்னாலேயே ஓடினாள். பிறகு ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்து அதை மீட்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கடம்பூரிலிருந்து சாவுச் செய்தி வந்தது. என் மாமியாரின் ஒன்றுவிட்ட அண்ணன். அத்தைதான் வழக்கமாக அபியைப் பார்த்துக்கொள்வார்கள். துட்டி வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிப் போக முடியாது என்று சொல்லி, முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள். என் கணவருக்கு மணியாச்சி ரயில்வே ஸ்டேஷனில் பகல் டூட்டி. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. லீவு சொல்லலாம் என்று நினைத்தேன். புரொஜெக்டரை யார் மாட்டுவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். நோட்டீஸை ஒட்டியது யார்? இரண்டையும் மாறி மாறி நினைத்ததில் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். ராத்திரி பெய்த மழையில் ஆபீஸ் ரோட்டுக் கரிசல் மண் என் செருப்பில் ஒட்டி, ஒரு செருப்பு மூன்று கிலோ இருந்தது. இடுப்பில் அபி பன்னிரண்டு கிலோ. மனதின் எடையை இங்கே சேர்க்கவில்லை.

கேட்டில் காளியம்மாக்கா இருந்தார். வருகிற பெண்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. முன்பு பண்டல் பிரிவில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். முழங்கால் இரண்டும் போனபின், நாற்காலி இருக்கிற ஒரே வேலை என்று கேட் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மத்தியானம் வரை அபி தன்னோடு இருக்கட்டும் என்றார்.

"அக்கா, யாராவது பாத்துட்டா?"

"ரோட்டுப் பக்கத்துக் கதவத் தொறந்து போட்டுருதேன். வெளிய இருக்க மாதிரிதான. நீ போடி."

வெளியே இருக்கிற மாதிரிதான். அந்த வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செல்போனை எடுத்து மேசையில் வைத்தேன். பையில் இருந்த ரிமோட்டை அக்கா தொட்டுப் பார்த்தார்.

"இதுல பேட்டரி உண்டா?"

"உண்டுக்கா."

"அப்ப வச்சுட்டுப் போ. நீதான எழுதி ஒட்டிருக்க."

உண்மைதானே? ஒரு விதியை ஏற்கெனவே வளைத்தாயிற்று. இன்னொன்றையும் வளைக்க மனம் வரவில்லை. அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டுவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ரிமோட்டை ஒப்படைத்தேன். (அந்த நிமிடம் என்னைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.)

ஆனால் சென்னையிலிருந்து வந்த ரயில் அன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டது. இதற்காகப் பிறகு என் கணவரோடு சண்டை போட்டேன். மணியாச்சி கோவில்பட்டியைத் தாண்டி இருக்கிறது, அந்த ரயில் நேரத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்றார். எனக்கு அப்போது யாராவது ஒரு ரயில்வேக்காரர் தேவைப்பட்டார்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒரு சென்னை அம்மாள், தமிழ் தெரியாத ஒருவர். அவர்களைக் கார் நேராக அலுவலக வாசலிலேயே இறக்கிவிட்டது. ரிமோட் கேட்க நேரமில்லை. லேப்டாப் பக்கத்திலேயே உட்கார்ந்து விரலால் தட்டி மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ரிசீவரைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முறைப்படி கழற்றாவிட்டால் கெட்டுப்போகும் என்று எங்கோ படித்த ஞாபகம். விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி அறைக்கும் கேட் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

அண்ணாச்சி வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். இரண்டாவது படத்தை நான் தட்டினேன். அவருடைய அப்பா வந்தார். கையைத் திரைப் பக்கம் நீட்டி, முகத்தை வந்தவர்கள் பக்கம் வைத்துக்கொண்டு, "இவிய எங்க ஐயா. இவிய போட்ட பாதையிலதான் நாங்க இன்னைக்கும் போய்க்கிட்டு இருக்கோம்" என்றார் மெதுவாக. அதற்குள் திரை மரத்தடி, மணல் வாளி, சாப்பாட்டுக் கூடம் எல்லாவற்றையும் கடந்து கழிப்பறையில் போய் நின்றது.

சென்னை அம்மாள் மொழிபெயர்ப்பதை நிறுத்தினார்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பின்னால் தட்டி ஐயாவைக் கொண்டுவந்தேன். ஐயா ஒரு மூச்சு இருந்துவிட்டு மறுபடி கிளம்பினார். வைரஸ் என்று நினைத்தேன். என் விரல்தான் இரண்டு முறை தட்டுகிறதோ என்றும் நினைத்தேன். என்னைச் சந்தேகிப்பதில் எனக்கு எப்போதும் தாமதம் கிடையாது.

"தாயி, கைய எடு" என்றார் அண்ணாச்சி.

போலீஸ் முன்னால் சரணடைகிறவளைப் போல இரண்டு கையையும் தூக்கினேன். திரை ஒரேயடியாகக் கறுத்தது. கரண்டு போய்விட்டது என்று எல்லோரும் மேலே பார்த்தோம். மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி வெளிச்சம் வந்தது. ஏழாவது படம். சிவப்பு எழுத்து.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சின்னச் சிரிப்பு. சிவப்புப் புள்ளியைப் பார்த்தால் மட்டும் வருகிற சிரிப்பு. அந்த அறையில் அதை அடையாளம் தெரிந்தவள் நான் மட்டும்தான். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். "என் பிள்ளை, வேறு வழியில்லாமல் கூட்டி வந்தேன்" என்று ஆறே வார்த்தை. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். மனப்பாடம் செய்த அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கவும் பயந்தேன். எது முதல் பயம், எது இரண்டாவது என்று பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிரியவில்லை.

தமிழ் தெரியாதவர் எழுந்து வந்து லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்த்தார். ரிசீவரைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். இதற்குரிய ரிமோட் எங்கே என்று அம்மாள் என்னைக் கேட்டார்.

"கேட்ல இருக்கு மேடம். பேட்டரி உள்ள பொருள் உள்ள வரக் கூடாது."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. முதலாளியின் கூட்டத்துக்குத் தேவைப்படுகிற பொருளைக்கூட விதிப்படி வாங்கி வைக்கிற ஒரு ஆபீஸா? இப்படி ஒரு ஒழுங்கை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அண்ணாச்சிக்கு உயிர் திரும்பியது.

"நம்ம ஆபீஸ்ல ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் மேடம். வாங்க, கேட்டக் காட்டுதேன்."

அந்தப் பன்னிரண்டு அடி தூரத்தில் எனக்கு மயக்கம் வந்திருக்கலாம். தேவையில்லாத நாட்களில் எத்தனையோ முறை வந்திருக்கிறது.

கேட் அறையில் மேசைமேல், பெயர் எழுதும் நோட்டின்மீது, அபி உட்கார்ந்திருந்தாள். வாயில் கடலைமிட்டாய். கையில் ரிமோட். அழுதிருக்கிறாள், அக்கா எடுத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். சிவப்புப் புள்ளி சுவரில் இருந்து அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டைக்கு வந்து, பையில் கொஞ்ச நேரம் நின்றது.

யார் குழந்தை என்று அம்மாள் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். (திறந்தேன் என்றுதான் நான் சொல்கிறேன். பார்த்த சாட்சி இல்லை.) அதற்குள் காளியம்மாக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"எம் பேத்திங்க. இப்பதான் வந்தா."

அபி என்னைப் பார்த்துவிட்டாள். மிட்டாய்க் கையை நீட்டி, "அம்மா, புள்ளி" என்றாள்.

அம்மாள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். எழுதினார். பிறகு தலை நிமிராமலே, இந்த அறை தொழிற்சாலைக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டார்.

"வெளிய" என்றார் அண்ணாச்சி.

"உள்ளதாங்க" என்றார் காளியம்மாக்கா, அதே நேரத்தில். கேட் வேலைக்கு வருகைப் பதிவு கிடையாது என்று ஒருமுறை மேஸ்திரி சொன்னபோது, இதுவும் உள்ளேதான் என்று சண்டை போட்டு ஜெயித்தவர் அவர். அந்தப் பழக்கம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் அல்லவா?

"ரெண்டும்தான் மேடம்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.

ஆர்டர் வேறு ஊருக்குப் போனது. குழந்தை இருந்தது பெரிய குற்றமாக எழுதப்படவில்லை. கேட்ட கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னதுதான் குற்றமாகிவிட்டது. பண்டல் பிரிவு வாரத்தில் மூன்று நாளானது. அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"ஒன்னைய அனுப்பிட்டா அந்தப் பெட்டிய யாரு தொறப்பா" என்று லேப்டாப்பைக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு நோட்டீஸ் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

வாயிற்காப்பாளர் காளியம்மாள் வரும் திங்கள் முதல் பண்டல் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.

"அண்ணாச்சி, அவியளுக்கு முழங்கால்..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், என் வாக்கியம் முடிந்துவிட்டது. அடித்தேன். பிழை திருத்தினேன். மூலைகளில் பசை தடவிக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"சரி. கோணாம ஒட்டு" என்றார்.

ஒட்டினேன். அன்றைக்குத் தள்ளி நின்று பார்க்கவில்லை.

பண்டல் பிரிவில் தரையில் உட்கார்ந்து எட்டு மாதம் தள்ளினார். பிறகு வேலையை விட்டு நின்றுவிட்டார். நானும் அடுத்த வருடம் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். இப்போது அபி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எங்கள் வீட்டில் டிவி தானாக அணைந்தாலும், ஃபேன் நின்றாலும், சோறு குழைந்தாலும் என் கணவர், "கேட்ல யாரு?" என்பார். "நாந்தான்" என்று அபி கத்துவாள். அத்தைகூடச் சிரிப்பார்கள். விருந்தாளி வந்தால் என் கணவர் முழுக் கதையும் சொல்லி, "ரெண்டும்தான் மேடம்" என்று என் குரலில் முடிப்பார். நன்றாகத்தான் செய்கிறார். அந்தக் கதையில் நோட்டீஸ் வராது. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

காளியம்மாக்கா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி, பால் டிப்போ பக்கத்தில் இருக்கிறார். வழியில் பார்த்தால் நிற்பார். "ரிமோட்டுக்காரி நல்லாருக்காளா?" என்று கேட்பார், மடியிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்து அனுப்புவார். ஒரு நாளும் வேறு எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இதுவரை இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். இரண்டு முறையும் உள்ளேயிருந்து, "யாரு அங்கன நிக்கது? உள்ள வாங்க" என்று அவர் குரல் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற சத்தமும் வந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அபியைக் கூட்டிக்கொண்டு போவதா, தனியாகப் போவதா? இத்தனை வருடம் கழித்துச் சொன்னால் அது அவருக்கு ஆறுதலா, எனக்கா? முக்கியமாக, வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்ட பிறகு அடுத்த வார்த்தை என்ன? அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னாலும் போதும். மற்றதை நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன்.